சின்னண்ணனின் ஸ்கேன்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் தை மாதத்திலிருந்து நீ பாக்கி வைத்திருக்கும் இரண்டு கடிதங்களைப் பற்றி நானும் பேசுவேன். இங்கே எல்லோரும் நலம். போன ஞாயிறு வார்டன் அம்மாவைப் பார்த்தேன். ஊறுகாய் ஜாடியை இன்னும் மறக்கவில்லை.

சின்னண்ணனின் நுரையீரல் கட்டியைச் சூடு வைத்துக் கருக்கப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, நான் நிற்கும் சிடி அறையிலும் அதே வேலைதான். படம் பார்த்து ஊசி போன்ற கம்பியைக் கட்டிக்குள் செலுத்தி, 60 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் செல்கள் அங்கேயே செத்துவிடும். கத்தி இல்லை, தையல் இல்லை. கூடவே "வலிக்காது" என்றும் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல்லின்மேல்தான் எனக்குக் கோபம்.

போன மாதம் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர் வந்தார். குடலிலிருந்து பரவிய ஒற்றைக் கட்டி, விலாவை ஒட்டியே இருந்தது. தோலில் மரப்பு ஊசி, நரம்பில் தூக்கத்துக்கு மிடசோலமும் வலிக்கு ஃபென்டனிலும். கம்பி நுழையும்வரை முகம் சுளிக்கவில்லை. சூடு ஏறத் தொடங்கியதும் என் கையைப் பிடித்தார். நடுவே படம் எடுக்க நாங்கள் வெளியே போயாக வேண்டும். அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் போனேன் மல்லிகா. வலியில் அசைந்ததில் கம்பி நகர்ந்துவிட்டது, மறுபடி குத்தினார்கள். மருந்தைக் கூட்டினால் மூச்சு மந்தமாகிறது. "மூச்சைப் பிடியுங்கள்" என்றால் கேட்கும் நிலையில் இருப்பதில்லை.

நுரையீரலுக்குள் சூடு அவ்வளவாகத் தெரியாது. நெஞ்சுக்கூட்டின் உட்புறச் சவ்வுக்கு விலா இடை நரம்புகள் வருகின்றன. சூடு அதைத் தொட்டால்தான் உயிர் போகிற வலி. உதரவிதானத்துக்கு அருகே என்றால் வலி தோள்பட்டையில் தெரியும். கட்டி எங்கே இருக்கிறது என்பது முதல்நாள் ஸ்கேனிலேயே தெரிகிறதே! தெரிந்த வலியைத் தடுக்காமல் ஏன் விட வேண்டும்?

போன வாரம் ஒரு பாட்டிக்கும் அதே இடத்தில் கட்டி. புதிதாக வந்திருக்கும் மயக்கவியல் டாக்டர், அல்ட்ராசவுண்டில் பார்த்து, முதுகெலும்பின் ஓரம் நரம்புகள் வெளிவரும் இடத்தில் மரப்பு மருந்து போட்டார். பிறகு நுரையீரலுக்கும் சவ்வுக்கும் நடுவே காற்றைச் செலுத்தினார்கள். திரையில் மெல்லிய கறுப்புப் பட்டை ஒன்று விரிய, கட்டி விலாவை விட்டு விலகியது. நுரையீரல் சவ்வோடு முன்பே ஒட்டிப்போயிருந்தால் இப்படி விலகாது; பாட்டிக்கு இல்லை. சூடு ஏறிய நேரம் முழுவதும் அவருக்கு ஒரே குறைதான்: தலைக்கு மேல் தூக்கிவைத்த கை மரத்துப்போகிறதாம். முழங்கைக்கு அடியில் தலையணை வைத்தேன்.

நீ கேட்க வேண்டியது இதுதான். கட்டிக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையே எவ்வளவு தூரம்? ஒரு சென்டிமீட்டருக்குள் என்றால் நரம்பை மரக்கச் செய்வார்களா, யார் செய்வார்கள்? சூட்டுக்குப் பதில் கட்டியை உறையவைக்கும் முறையில் வலி குறைவு. அந்த வசதி இருக்கிறதா என்றும் கேள். பிரசவ அறையில் "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளம்மா" என்ற டாக்டரிடம் சண்டைக்குப் போனவள் நீ. அந்த வாயை அங்கேயும் கொண்டுபோ. அண்ணன் தானாகச் சொல்ல மாட்டார், கிணற்றடியில் கால் முறிந்த அன்றே சொல்லாதவர்.

தேதி தெரிந்ததும் எழுது. லீவு சொல்லிவைத்திருக்கிறேன்.

உன்,
சரசு