பேங்க் க்யூல பக்கத்துல நின்ன அந்த அக்காவுக்கு நன்றி

பேர் கூட கேக்காம வந்துட்டேன், அதான் மனசு கேக்காம இங்க எழுதுறேன். எனக்கு தேவைப்பட்டது பெட்ரோலுக்கும் மளிகைக்கும் கேஷ்பேக் தர்ற கிரெடிட் கார்டு, ஆனா அவசரத்துல அப்ளை பண்ணது செலவு பண்ணா ஃப்ளைட் டிக்கெட்டுக்கு பாயிண்ட் தர்ற மைல்ஸ் கார்டு, வருஷ கட்டணம் 5,000 அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி, மொத்தம் 5,900, வருஷத்துக்கு ஒரு தடவை கூட ஃப்ளைட் ஏறாத எனக்கு அது எதுக்கு. கார்டு வீட்டுக்கு வந்த அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல.

க்யூல என் மூஞ்சிய பாத்து நீங்களா கேட்டீங்க. "ஆக்டிவேட் பண்ணாதம்மா, ஓடிபி யாருக்கும் சொல்லாத, இப்பவே எழுத்துல க்ளோஸ் பண்ண சொல்லு"ன்னீங்க. பாக்கி எதுவும் இல்லன்னா 7 வேலை நாள்ல பேங்க் கார்ட மூடணும், தாண்டினா நாளுக்கு 500 ரூபா அவங்க நமக்கு தரணும்னு ரிசர்வ் பேங்க் 2022ல போட்ட விதிய சொல்லி, லெட்டரையும் நீங்களே எழுதி குடுத்தீங்க. உங்க டோக்கன் நம்பர் போனத கூட பாக்கல!

அஞ்சாவது நாளே க்ளோஸ் ஆயிடுச்சுக்கா, ஒரு பைசா பிடிக்கல. சிபில்ல, அதான் நம்ம கடன் வரலாறு பதிவுல, இந்த கார்டுக்கு அப்ளை பண்ணது என்கொயரியா இருக்கும், உடனே இன்னொன்னுக்கு அப்ளை பண்ணாதன்னு சொன்னீங்கல்ல, பண்ணல. நீங்க நல்லா இருக்கணும்.