கவசங்களுக்கு அழுக்குப் பூச்சு: பெற்றோருக்கான அறிவித்தல்

அன்பான பெற்றோருக்கு வணக்கம். பிள்ளைகளின் நாடகத்துக்கான ஃபோம் கவசங்கள் புதிதாய் மினுங்குவதால், வரும் ஞாயிறு பிற்பகல் 2 மணிக்கு வெள்ளவத்தையில் நாம் ஒத்திகை பார்க்கும் மண்டபத்தின் விறாந்தையில் அவற்றைப் போர் கண்ட கவசங்களாக மாற்றவுள்ளோம்.

1. கறுப்பும் மண்ணிறமும் கலந்த அக்ரிலிக் வர்ணத்தை நீர்விட்டுப் பூசிக் காயுமுன் துடைத்தால், இடுக்குகளிலும் ஆணித்தலைகளைச் சுற்றியும் மட்டுமே அழுக்குத் தங்கும். கடற்காற்றின் ஈரத்தில் காயத் தாமதமாகும் என்பதால் பூச்சு மெல்லியதாக இருக்க வேண்டும்.
2. வெள்ளி வர்ணத்தை, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால், உராயும் விளிம்புகளில் மட்டும் தடவவும்.
3. துருக்கறை மேலிருந்து கீழாக வழிய வேண்டும். முழுவதும் பூசினால் மேடை வெளிச்சத்தில் மரப்பலகை போலத் தெரியும். தயவுசெய்து அளவோடு பூசுங்கள்.
4. பழைய பருத்தித் துணி, ஸ்பொஞ்ச் கொண்டுவரவும்.

வருவோர் வெள்ளி இரவுக்குள் இங்கே பதிலிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.