சூரியனுக்குப் பின்னால் கோள்கள் இழுபடுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சூரியன் வால்நட்சத்திரம் போல முன்னால் பறக்க, கோள்கள் எல்லாம் சுருள் சுருளாக அதன் பின்னால் இழுபட்டு வருவதாகக் காட்டும் காணொளி பல ஆண்டுகளாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நம் கொங்குப் பகுதிப் பள்ளிகளின் அறிவியல் கண்காட்சிகளிலும் அதே வடிவில் மாதிரிகள் வருவது வருத்தம் தருகிறது.

சூரியன் ஓடுவது உண்மை. நம் சூரியன் உள்ள விண்மீன் கூட்டமான பால்வெளி மண்டலத்தின் மையத்திலிருந்து 26,000 ஒளியாண்டுகளுக்கும் சற்று அப்பால், நொடிக்கு ஏறத்தாழ 230 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அந்த மையத்தை ஒருமுறை சுற்றி முடிக்க சுமார் 22 கோடி ஆண்டுகள். கோள்களைப் பின்னுக்குத் தள்ளியதுதான் பிழை. சூரியன் போகும் திசைக்கும் பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கும் இடையே உள்ள கோணம் 90 பாகை அல்ல, சுமார் 60 பாகை. ஆகவே ஆவணிக் கடைசியில் பூமி சூரியனுக்கு 7.5 கோடி கி.மீ. முன்னே இருக்கும், மாசிக் கடைசியில் அதே அளவு பின்னே இருக்கும். வேகமும் மாறும். பூமியின் சுற்றுவேகமான நொடிக்கு 30 கி.மீ.யில் பாதி, ஜூன் தொடக்கத்தில் சூரியனின் வேகத்தோடு கூடும்; டிசம்பர் தொடக்கத்தில் கழியும். கரும்பொருளை (கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் உணரப்படும் பொருளை) தேடும் ஆய்வகங்கள் இந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே தங்கள் கருவிகளின் பதிவுகளைச் சோதிக்கின்றன.

இத்தனை வேகத்தில் பூமி ஏன் விடுபட்டுப் போவதில்லை என்று மாணவர்கள் கேட்பார்கள். விண்மீன்களின் இருப்பிடங்களை அளந்த ஐரோப்பிய விண்கலமான கையாவின் தரவுகளின்படி, பால்வெளியின் இழுப்பு சூரியனின் வேகத்தில் ஓர் ஆண்டில் ஏற்படுத்தும் மாற்றம் நொடிக்கு 7 மி.மீ. மட்டுமே. பூமிமீது சூரியனுக்கு உள்ள பிடி அதைப்போல இரண்டரைக் கோடி மடங்கு. அதோடு, பால்வெளி சூரியன், பூமி இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இழுக்கிறது.

மாதிரி செய்வோர் கட்டுக்கம்பியை ஸ்பிரிங் போல நெருக்கிச் சுற்றுகிறார்கள். அளவைப் பாருங்கள்: பூமிப் பாதையின் அகலம் 30 கோடி கி.மீ.; ஓராண்டில் சூரியன் கடப்பதோ 726 கோடி கி.மீ. சுருள் 4 செ.மீ. அகலம் என்றால், ஒரே ஒரு சுற்றுக்கு ஒரு மீட்டர் நீளம் வேண்டும். சரியாகச் செய்த கம்பி கிட்டத்தட்ட நேராகத்தான் தெரியும். சூரியனைக் காட்டும் நேர்கம்பி சுருளின் நடுவே போகவேண்டும்.

சூரியன் ஓடும் திசையை வானத்திலேயே காட்டலாம். சித்திரை முதல் வாரத்தில், நிலா இல்லாத விடிகாலை 4.30 மணிக்கு, திருப்பூர், கோவை விளக்கொளி எட்டாத தாளவாடி போன்ற இடத்தில் தெற்கே பாருங்கள். தேளின் கொடுக்கில் உள்ள மூல நட்சத்திரத்துக்குச் சற்று வடகிழக்கே, அடிவானிலிருந்து சுமார் 50 பாகை உயரத்தில் பால்வெளியின் மையம். அதே நேரம் வடகிழக்கே தெரியும் டெனப் விண்மீனின் பக்கமாகத்தான் நாம் போய்க்கொண்டிருக்கிறோம். வேகா விண்மீனை நோக்கிப் போகிறோம் என்று சிலர் எழுதுவது வேறு கணக்கு: அது அக்கம்பக்கத்து விண்மீன்களை ஒப்பிட்டுச் சொல்வது, வேகமும் நொடிக்கு 20 கி.மீ. அளவே. மாதிரியின் விளக்க அட்டையில் இரண்டையும் தனித்தனியே எழுதச் சொல்லுமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

– வானியல் ஆர்வலர்கள், கோபிசெட்டிபாளையம்