பாலையாவின் முகத்துக்கு அவர் பெயரையே போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழைப் பதினேழு வருடங்களாக வாங்கி வருகிறேன். முதலில் எனக்காக வாங்கினேன். அண்ணனுக்குச் சர்க்கரையால் பார்வை போன பிறகு, ஞாயிறு மாலை அவர் வீட்டுக்குப் போய் அட்டை முதல் அட்டை வரை சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன். படங்களுக்குக் கீழே இருக்கும் வரியைக்கூட விடக் கூடாது என்பது அவர் உத்தரவு.

சென்ற இதழில் பழைய பட ரசிகர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. 'இவர்கள் படத்துக்காகச் சிரிப்பதில்லை, போய்விட்ட இளமையை நினைத்துச் சிரிக்கிறார்கள்' என்று அதில் ஒரு வாக்கியம். வாசித்தேன். அண்ணன் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்து, படத்தின் கீழே இருந்ததை வாசித்தேன்: 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷும் எஸ்.வி. ரங்காராவும்.

"இன்னொரு தடவை படிம்மா" என்றார். படித்தேன். "படத்துல யாரு இருக்கா, பாத்துச் சொல்லு" என்றார். பாலையாதான் அண்ணே, என்றேன். அதற்கப்புறம் அன்றைக்கு அவர் எதையும் வாசிக்கச் சொல்லவில்லை.

அந்தக் காட்சி உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் முதலாளியாக நாகேஷ், தன் அப்பா பாலையாவை உட்கார வைத்துப் பேய்க்கதை சொல்வார். கதவு திறக்கும் சத்தம், காலடிச் சத்தம் எல்லாம் நாகேஷ் வாயிலிருந்து வரும். பாலையாவுக்கு அங்கே பேச்சு ரொம்பக் குறைவு. முகம்தான் எல்லாம். அண்ணனால் இன்றைக்கும் நாகேஷைக் காதால் கேட்டுவிட முடியும். பாலையாவை அப்படி முடியாது. எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் மணலில் உட்கார்ந்து பார்த்த அந்த முகத்தை நினைவில் வைத்துக்கொண்டுதான் அவர் சிரிக்கிறார். அந்த முகத்துக்கு வேறு ஒருவர் பெயரைப் போட்டுவிட்டீர்கள். ரங்காராவ் சாதாரண நடிகர் இல்லை. 'மாயாபஜார்' கடோத்கஜன் ஒன்றே அவர் பெயருக்குப் போதும். இன்னொருவர் உழைப்பை எடுத்து அவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

இளமையை நினைத்துச் சிரிக்கிறோம் என்கிறாரே கட்டுரையாளர், அண்ணனின் பேத்திக்குப் பதினான்கு வயது. 'திருவிளையாடல்' வந்தது 1965-ல். தருமி மண்டபத்தில் தனியாகப் புலம்பும்போது அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறுகிறது. அவள் எந்த இளமையை நினைத்துச் சிரிக்கிறாள்? அதே படத்தில் ஹேமநாத பாகவதராக ஒருவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்ததும், "தாத்தா, பேய்க்கதைக்குப் பயந்தாரே, அவர்தானே இவரு?" என்று கேட்டாள். அண்ணனுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அடையாளம் தெரிகிற முகம், ஒரு பத்திரிகை அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லையா?

ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் சிநேகிதர்கள் இரண்டு பேரும் வருவார்கள். 'கல்யாணப் பரிசு' தங்கவேலு வேலை பார்ப்பதாகச் சொன்ன மன்னார் அண்ட் கம்பெனியும் ஓஹோ புரொடக்‌ஷன்ஸும் கூட்டுச் சேர்ந்தால் எது முதலில் திவாலாகும் என்று ஒன்றரை மணி நேரம் வாதம் நடந்தது. இல்லாத கம்பெனி திவாலாகவே முடியாது, அதனால் மன்னார்தான் ஜெயிக்கும் என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார். இரண்டுமே ஸ்ரீதர் படம், ஒன்று 1959, மற்றது 1964. இதையெல்லாம் வேலையில்லாதவர்களின் அரட்டை என்று நினைக்கலாம். ஆனால் ஒரு வருஷத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டு அந்தத் திண்ணையிலிருந்து யாரும் எழுந்து போய்விட முடியாது. நடிகரின் பெயரை மாற்றிச் சொன்னால் அந்த வாரம் முழுக்கப் பேச்சு வாங்க வேண்டும்.

இது இன்று நேற்று வந்த வருத்தமும் இல்லை. தொலைக்காட்சியில் பழைய படம் போட்டால் பெயர்கள் ஓடும் பகுதியை வெட்டிவிட்டு நேராகக் கதைக்குப் போகிறார்கள். வசனம் யார், நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் யார் என்று புதிதாகப் பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? கிட்டத்தட்டச் சதுரமாக எடுத்த படத்தை அகலமாக இழுத்து, ஒல்லி நாகேஷைக் குண்டாக்கிக் காட்டுகிறார்கள். நகைச்சுவையை மட்டும் துண்டாக வெட்டிப் போடுகிறார்கள், அதில் எந்தப் படம் என்றுகூட இருக்காது. ஒரு சேனலுக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

உங்கள் இதழிலும் கதாநாயகனுக்குப் பிறந்தநாள் என்றால் நான்கு பக்கம். பாலையா 1936-ல் 'சதிலீலாவதி'யில் தொடங்கியவர். வில்லன், அப்பா, பாகவதர், 'தில்லானா மோகனாம்பா'ளில் தவில்காரர் முத்துராக்கு என்று எல்லாமாகவும் நின்றவர். இந்தப் பதினேழு வருடத்தில் அவருக்கு உங்கள் இதழில் அரைப் பக்கம் வந்து நான் படித்ததில்லை. கடைசியில் படம் வந்தது, பெயர் வரவில்லை.

முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931-ல் வந்தது. இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. டி.பி. ராஜலட்சுமி என்ற பெயர் சரியாக எழுதப்பட்டதால்தான் அதில் நடித்தவர் யார் என்று நமக்குத் தெரிகிறது. பிரதி நன்றாக இருக்கும்போதே பெயரை மாற்றி அச்சடித்தால் நாளைக்கு எதை வைத்துத் திருத்துவார்கள்?

பெரிதாக எதுவும் கேட்கவில்லை ஐயா. அடுத்த இதழில் ஒரே ஒரு வரி: அந்தப் படத்தில் இருப்பவர் டி.எஸ். பாலையா. முடிந்தால் அதே படத்தை மறுபடியும் போட்டு, அதற்குக் கீழேயே அந்த வரியை அச்சிடுங்கள். அண்ணன் படத்தைப் பார்க்க முடியாது, ஆனால் எந்த இடத்தில் போட்டிருக்கிறார்கள் என்று கட்டாயம் கேட்பார். நான் பொய் சொல்லாமல் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி