ஹார்பர் டெர்மினஸில் ஓர் அரசங்கன்று: ரயில்வே அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

ஐயா, வணக்கம்.

நான் ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. போன ஞாயிறு போட்டில் எம்பார்கேஷன் ஜெட்டிக்குப் போய் இறங்கி, வில்லிங்டன் தீவில் வண்டி நின்றுபோன பழைய ரயில் நிலையமான ஹார்பர் டெர்மினஸைப் பார்க்க நடந்தேன். தாத்தா காலத்தில் கப்பல் துணி மூட்டைக்காக எங்கள் ஆட்கள் தீவுக்குள் அலைந்தவர்கள். எனக்கு வேறு வேலை இல்லை, வேடிக்கைதான்.

வேறெங்கும் ஊர் முதலில், ஸ்டேஷன் அப்புறம். இங்கே ஊரே கிடையாது. வெள்ளைக்கார இன்ஜினீயர் ராபர்ட் பிரிஸ்டோ கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் காயலில் கொட்டி எழுப்பிய தீவு. கப்பலை நம்பியே வெண்டுருத்திப் பாலம் தாண்டித் தண்டவாளம் வந்தது. அதனால்தான் பிளாட்பாரம் அத்தனை நீளம். மதராஸிலிருந்து வரும் முழு வண்டி நிற்க வேண்டும், பெட்டி படுக்கையோடு இறங்குகிறவர்கள் மழையில் நனையாமல் போக வேண்டும். இன்று அந்தக் கூரைக்கடியில் புல்தான் நிற்கிறது. கண்ணை மூடினால் காயல் காற்றில் உப்பு வாசம், அவ்வளவுதான்.

வண்டி ஏன் போயிற்று என்று தெரியாமல் இதை எழுதவில்லை. 1976-ல் திருவனந்தபுரம் பாதை அகலப்பாதையானதும் ரயில்கள் எர்ணாகுளத்திலிருந்து நேரே தெற்கே போய்விட்டன. தீவுக்குள் வந்தால் இஞ்சினைக் கழற்றி மறுமுனையில் பூட்டித்தானே திரும்ப வேண்டும்? 2011-ல் கப்பல் சரக்குப் பெட்டகங்களும் (கன்டெய்னர்) வல்லார்பாடத்துப் புது முனையத்துக்குப் போய்விட்டன. 2018-ல் டெமு என்ற டீசல் பயணிகள் வண்டி விட்டுப் பார்த்தீர்கள், ஆள் ஏறவில்லை. நானும் ஏறவில்லை, சரி, அது என் தப்பு. எங்களுக்குப் போட்தான் பக்கம்.

ஆகவே ரயில் கேட்கவில்லை. மியூசியம், ஹோட்டல் என்று பெரிய பேச்சும் வேண்டாம். அந்தப் பேச்சு முடிவதற்குள் கட்டடம் முடிந்துவிடும். நான் பார்த்தது இதுதான்: கூரைத் தண்ணீர் வழியும் மூலையில், சுவர் வெடிப்புக்குள் ஓர் அரசங்கன்று, முழங்கை உயரம். மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரைத் தோண்டி எடுத்து, வெடிப்பில் சாந்து பூசி, தண்ணீர் இறங்கக் குழாயைச் சரிசெய்ய வேண்டும். ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை.

ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் ஆளை அனுப்புங்கள். ஏணி இல்லையென்றால் சொல்லுங்கள், தோபிகானாவில் இருக்கிறது, போட்டில் ஏற்றிக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தோபிகானாவிலிருந்து ஒருவன்