மார்கழியில் ஊருக்கு வருகிறோம்

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள அம்மாவுக்கு,

டிக்கெட் போட்டாயிற்று. யாழினிக்குக் கிறிஸ்துமஸ் லீவு விட்ட மறுநாள் கிளம்புகிறோம். பள்ளி திறப்பதற்குள் திரும்ப வேண்டும் என்பதால் இரண்டு வாரம்தான் இருக்க முடியும். போனில் பேசினால் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைத் தேற்றப் போய்விடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படி. அப்பாவுக்கும் படித்துக் காட்டு.

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று நீ கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்லி வந்திருக்கிறேன். இந்த முறை முழுவதும் சொல்கிறேன். செவ்வாய், வியாழன், சனி, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். என் கிட்னி செய்ய வேண்டிய ரத்தச் சுத்திகரிப்பை மெஷின் செய்யும். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். சாயங்கால ஷிப்ட் கேட்டு வாங்கியிருக்கிறேன். காலையில் யாழினிக்குத் தலை பின்னி, டப்பா கட்டி, பள்ளிக்கு அழைத்துப் போவது நானாக இருக்க வேண்டும் என்பதற்காக. மூன்றேகாலுக்கு அழைத்து வந்து, தோசையோ சாதமோ கொடுத்து, வீட்டுப்பாடம் பார்த்து முடிப்பதற்குள் அவர் வேலையிலிருந்து வந்துவிடுவார். ஆஸ்பத்திரி வண்டி வாசலில் நிற்கும். குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊர் இது. நான் இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறேன். பத்தரை மணிக்கு மேல் வீட்டுக்கு வந்தால் அவள் தூங்கியிருப்பாள். சனிக்கிழமைதான் கஷ்டம். அவள் வகுப்புப் பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்தெல்லாம் சனிக்கிழமை மத்தியானம் வரும். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, கேக் வெட்டும் முன்பே கிளம்பிவிடுவேன்.

எங்கள் யூனிட்டில் இருப்பவர்கள் எல்லாரும் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள். பக்கத்து நாற்காலியில் ஜமைக்காவிலிருந்து வந்த ஒரு பாட்டி, எதிரே பங்களாதேஷ் சில்ஹெட்காரர் ஒருவர். நர்ஸ்கள் பாதிப் பேர் கேரளம், மீதி பிலிப்பைன்ஸ். கோட்டயத்து அக்கா ஒருவர்தான் எனக்கு ஊசி போடுவார். அவர் லீவு என்றால் எனக்கு முகம் வாடிவிடும். இரண்டு ஊசி, இரண்டும் தடிமனானவை. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போகும், இன்னொன்றின் வழியாக சுத்தமாகித் திரும்பும். ரத்தம் வெளியே சுற்றி வருவதால் உடம்பு நடுங்கும். வெயில் நாளிலும் கம்பளி போர்த்திக்கொண்டுதான் உட்காருவேன். ஒரு தடவைக்கு இந்த மெஷினுக்குத் தேவைப்படும் சுத்திகரித்த தண்ணீர் மட்டும் சுமார் 120 லிட்டர். இதைக் கேட்டதும் எனக்கு 2019 கோடைதான் நினைவுக்கு வந்தது. மெட்ரோ வாட்டர் லாரிக்காக நீ குடத்தோடு தெருமுனையில் நின்ற நாட்கள். அந்த வருஷம் நம் ஊரில் டயாலிசிஸ் செய்துகொண்டவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

இதற்கெல்லாம் இங்கே நான் காசு கொடுப்பதில்லை. மாத்திரை, ரத்தம் ஊற வாரம் போடும் ஊசி, வண்டி எல்லாமே அரசு மருத்துவச் சேவையில் சேர்த்தி. ஊருக்கே திரும்பி வந்துவிடு என்று நீ சொல்லும்போது நான் பதில் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு காரணம் இது. நம் ஊரிலும் வழி இல்லாமல் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டில் செய்கிறார்கள், டேங்கர் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் 1993-லிருந்து ஏழைகளுக்குச் செய்து வருகிறது. ஆனாலும் வாரம் மூன்று முறை செய்ய வேண்டியதை இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் அங்கே நிறைய. ஆறு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த ஒரு முறையை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

எதிர்வீட்டு ஆட்டோ அண்ணனுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் டயாலிசிஸ் திரவப் பைகள் வீட்டுக்கே வருகின்றன, அவர் வயிற்று வழியாக வீட்டிலேயே செய்துகொள்கிறார், நீயும் செய்யலாமே என்று கேட்டிருந்தாய். நல்ல முறைதான், இங்கேயும் உண்டு. எங்கள் வீட்டில் இரண்டே அறை. பெட்டிபெட்டியாக வரும் பைகளை அவள் படுக்கும் அறையில்தான் அடுக்க வேண்டியிருக்கும். வியாதியை வெளியே ஒரு கட்டடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டு விஷயம். நீ இப்போதே பட்டியல் போட்டிருப்பாய். ஒரு நாளைக்கு எனக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. காப்பி, ரசம், மோர், சாம்பார் எல்லாம் அதில் அடக்கம். உப்பு சேர்ந்தால் தாகம் எடுக்கும், தாகத்தில் குடித்தால் நுரையீரலில் நீர் கோக்கும். ஆகவே ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு என் தட்டில் வேண்டாம். இளநீர் ஒரு வாய்கூடக் கூடாது. வாழைப்பழம், முருங்கைக்கீரை, உருளைக்கிழங்கு, தக்காளித் தொக்கு இதிலெல்லாம் பொட்டாசியம். கிட்னி வேலை செய்யாதவர்களுக்கு அது ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுவிடலாம். மற்ற காய்களை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொடு. ருசி கொஞ்சம் குறையும், பரவாயில்லை. மார்கழி என்பதால் தாகம் அவ்வளவாக இருக்காது, அதை நினைத்துத்தான் கோடை லீவில் வராமல் இப்போது வருகிறேன். தாமோதரப் பெருமாள் கோயிலில் விடியற்காலை கொடுக்கும் பொங்கலில் ஒரு கரண்டி சாப்பிடுவேன். டாக்டரிடமே கேட்டுவிட்டேன்.

இடது முழங்கையைப் பார்த்து நீ பயப்படாதே. ஃபிஸ்டுலா என்று சொல்வார்கள். ரத்தக்குழாய் இரண்டை இணைத்துத் தைத்திருப்பதால் நரம்பு புடைத்துத் தெரியும், தொட்டால் உறுமும். அந்தக் கையில் வளையல், வாட்ச், கயிறு எதுவும் கட்டக்கூடாது, பிபி பார்க்கக்கூடாது, குடம் தூக்கக்கூடாது. திருவேற்காட்டுக் கயிறு வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாய். வலது கையில் கட்டு, சந்தோஷமாகக் கட்டிக்கொள்கிறேன். யாழினி தினமும் ராத்திரி அந்த உறுமலில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் தூங்குவாள். "இன்னைக்கும் ஓடுது" என்று அப்பாவுக்கு அறிக்கை கொடுப்பாள்.

அவளிடம் நாங்கள் எதையும் மறைக்கவில்லை, அம்மா. யூனிட்டுக்கு ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டினோம். இந்த மெஷினை யார் செய்தது என்று கேட்டாள். அவர் படித்துச் சொன்னார். 1943-ல், போர் நடந்துகொண்டிருந்தபோது, நெதர்லாந்தில் கோல்ஃப் என்ற டாக்டர் செலோபேன் குழாயை மர உருளையில் சுற்றி முதல் மெஷினைச் செய்தார். ஆரம்பத்தில் பலர் பிழைக்கவில்லை. 1945-ல் முதன்முதலாகப் பிழைத்தவர் 67 வயதுப் பாட்டி ஒருவர். பாட்டி என்றதும் இவளுக்கு ஒரே குதூகலம். "நம்ம வில்லிவாக்கம் பாட்டி மாதிரியா?" என்று கேட்டாள்.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் வீடியோ காலில் பெரியம்மா உன் பக்கத்தில் உட்கார்ந்து பேசினது உனக்கு நினைவிருக்கும். "இது பொறந்த நேரம்தான் தாயை இப்படிப் படுக்க வெச்சிருச்சு" என்றார். யாழினி சோபாவுக்குப் பின்னால் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும் என்பதைப் பெரியம்மா மறந்திருப்பார். அன்று ராத்திரி என் கையில் காது வைக்க அவள் வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் கேட்டாள்: "அம்மா, நான் பொறக்காம இருந்திருந்தா உனக்கு ஊசி குத்தியிருக்க மாட்டாங்களா?"

ஊசி, பசி, தாகம், கால் இழுத்துக்கொள்ளும் வலி எல்லாவற்றையும் தாங்குகிறேன். இதை என்னால் தாங்க முடியவில்லை.

அம்மா, என் வியாதிக்குப் பெயர் ஐஜிஏ நெஃப்ரோபதி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பொருள் கிட்னியின் வடிகட்டிகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து புண்ணாக்கும். 1968-ல் பாரிஸில் ஒரு டாக்டர் கண்டுபிடித்து எழுதினார். பல வருஷம் வெளியே தெரியாது. சளி பிடிக்கும்போது சிலருக்குச் சிறுநீர் கறுத்துப் போகும். நான் பிளஸ் டூ படிக்கும்போது தொண்டை கட்டிக்கொண்டு சிறுநீர் கட்டங்காப்பி மாதிரி போனது உனக்கு நினைவிருக்கிறதா? சூடு என்று நினைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தாய், நன்னாரி சர்பத் கொடுத்தாய். ரெண்டு நாளில் சரியானது. எந்த அம்மாவும் அதைத்தான் செய்திருப்பாள். நான் சொல்ல வருவது, யாழினி பிறப்பதற்குப் பல வருஷம் முன்பே இது என் உடம்பில் இருந்தது என்பதை மட்டும்தான். பிரசவத்துக்குப் பிறகு கிட்னியில் துளி சதை எடுத்து பயாப்சி பார்த்தபோது அதில் பழைய தழும்புகள் இருந்தன. ஒன்பது மாதத்தில் அப்படி வராது என்று டாக்டர் சொன்னார். கர்ப்பம் கிட்னிக்குப் பாரத்தைக் கூட்டியிருக்கலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் அவள் வயிற்றில் இருந்ததால்தான் மாதாமாதம் பிபி பார்த்தார்கள், சிறுநீரில் புரதம் போவதைக் கண்டுபிடித்தார்கள். அதற்காகக் கொடுத்த மாத்திரைகளால் எனக்கு டயாலிசிஸ் இல்லாத வருஷங்கள் கிடைத்தன. இவள் நடக்கப் பழகியதையும் பேசப் பழகியதையும் நான் மெஷின் இல்லாமல் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவள் நேரம் எனக்குக் கொடுத்தது அதைத்தான்.

ஜோசியர் சொன்னபடி அவளைக் கோயிலில் தத்துக் கொடுத்துத் தவிட்டுக்கு வாங்கும் சடங்குக்கு நாள் பார்த்திருப்பதாக அப்பா சொன்னார். அது வேண்டாம். உன் நம்பிக்கையில் நான் கை வைக்க வரவில்லை. எனக்கு என்ன வேண்டுதல் வேண்டுமானாலும் செய், என் பெயருக்கு அர்ச்சனை செய், என் தலையில் தேங்காய் சுற்றி உடை. அவளை வைத்து எதுவும் செய்யாதே. ஆறு வயதுப் பிள்ளையை ஒரு சன்னதியில் நிறுத்தி, அம்மாவுக்கு ஆகாதவள் என்பதால் உன்னைக் கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம் என்று ஊரைக் கூட்டிச் சொன்னால், அவள் நாற்பது வயதிலும் அதை நம்புவாள். நான் ஒருநாள் இல்லாமல் போனாலும் நம்புவாள். பெரியம்மாவிடமும் நீயே பேசு. நான் பேசினால் சண்டையாகிவிடும், நீ சொன்னால் கேட்பார். அவருக்கு என் மேல் பாசம் அதிகம், அந்தப் பாசத்தில்தான் அப்படிச் சொன்னார். அது எனக்கும் தெரியும்.

கிட்னி கொடுக்கிறேன் என்று நீ திரும்பத் திரும்பச் சொல்லாதே. உனக்குச் சர்க்கரை இருக்கிறது, எடுக்க மாட்டார்கள். அவருக்கு ரத்த வகை ஏ, எனக்கு பி. எங்களைப் போலப் பொருந்தாத ஜோடிகளை ஒன்றோடொன்று மாற்றிப் பொருத்தும் திட்டம் இங்கே உண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். அதில் பெயர் கொடுத்திருக்கிறோம். இறந்தவர்களிடமிருந்து பெறும் பட்டியலிலும் இருக்கிறேன். நம் ஆட்களில் பி வகை அதிகம், தானம் செய்கிறவர்கள் குறைவு, அதனால் நமக்குக் காத்திருப்பு நீளும் என்று சொன்னார்கள். 2008-ல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி விபத்தில் இறந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தபோது நாம் எல்லாரும் டிவி முன்னால் அழுதோமே. இப்போது அவர்களை நினைத்தால் எனக்கு வேறு மாதிரி நெஞ்சு அடைக்கிறது.

ஊரில் இருக்கும் நாட்களில் பட்டியலில் என் பெயரை நிறுத்தி வைப்பார்கள். திரும்பிய பிறகும் ஹெபடைடிஸ், எச்ஐவி எல்லாம் பலமுறை சோதிப்பார்கள், கொஞ்ச நாள் தனி மெஷினில் வைப்பார்கள். இதெல்லாம் தெரிந்துதான் வருகிறேன். அவள் உன்னோடு விடியற்காலை வாசலில் உட்கார்ந்து கோலம் போட வேண்டும். புள்ளி வைக்க நோட்டில் பழகிக்கொண்டிருக்கிறாள்.

மாமாவிடம் சொல்லி, ஊரில் இருக்கும்போது நான் போகப்போகும் அண்ணா நகர் டயாலிசிஸ் மையத்தின் மின்னஞ்சலை இந்த வாரமே வாங்கி அனுப்பு. என் ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு, டயாலிசிஸ் முடிந்ததும் இருக்க வேண்டிய எடை எல்லாவற்றையும் எங்கள் யூனிட்டே நேரடியாக அவர்களுக்கு அனுப்பும். ரத்தத்தை வடிகட்டும் டயலைசரை ஒருமுறை உபயோகித்தபின் கழுவித் திரும்பப் போடுவார்களா என்று கேட்கச் சொல். எனக்கு ஒவ்வொரு முறையும் புதிது வேண்டும், அதற்கு ஆகும் பணத்தை நான் கொடுத்துவிடுகிறேன். அங்கேயும் சாயங்கால நேரம் கிடைத்தால் நல்லது.

பெரியம்மாவிடம் பேசியபின் எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்
உன் மகள்