வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை, 2025

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இவ்வாண்டின் மாதக் கூட்டங்களை வேல்ஸின் பிளைட் கம்ரி கட்சிக்கு ஒதுக்கினோம். 1925 ஆகஸ்ட் 5 அன்று புல்ஹெலியில், மது விற்காத ஒரு தங்கும் விடுதியில் ஆறு பேர் கூடித் தொடங்கிய கட்சிக்கு இவ்வாண்டு நூறு வயது. தனிநாடு கேட்கும் கட்சியாகவே நம்மில் பலர் அதை அறிந்திருந்தோம். ஆனால் அதன் முதல் கவலை வெல்ஷ் மொழி. தன்னாட்சியைக் கொள்கையாக ஏற்றது 1932இல். சுதந்திரத்தையே இலக்காக அறிவித்தது 2003இல். ஏன் இத்தனை தாமதம் என்று முதல் கூட்டத்தில் எழுந்த கேள்வி ஆண்டு முழுவதும் நம்மை விடவில்லை.

1929இல் கட்சி முதன்முறையாகத் தேர்தலில் நின்றது. கேர்னார்வன்ஷயரில் லூயிஸ் வாலண்டைன் பெற்ற வாக்குகள் 609. முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜின் செல்வாக்கு ஓங்கியிருந்த வட்டாரத்தில், தோற்பது உறுதி என்று தெரிந்தே வாக்களித்த அந்த 609 பேர்தாம் கட்சியின் அடித்தளம் என்பது என் உறுதியான கருத்து.

புல்ஹெலிக்கு அருகே பெனிபெர்த் என்ற இடத்தில் நடந்த நிகழ்வுக்கு இரண்டு கூட்டங்கள் தேவைப்பட்டன. அங்கே கட்டப்பட்டுவந்த விமானப்படையின் குண்டுவீச்சுப் பயிற்சித் தளத்துக்கு 1936 செப்டம்பர் 8 அன்று கட்சித் தலைவர் சாண்டர்ஸ் லூயிஸ், வாலண்டைன், கட்சியைச் சேர்ந்த டி. ஜே. வில்லியம்ஸ் மூவரும் தீ வைத்தனர். தப்பி ஓடவில்லை, நேரே புல்ஹெலி காவல் நிலையத்துக்குப் போய்த் தாங்களே செய்ததாகச் சொன்னார்கள். கேர்னார்வனில் நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. வழக்கை லண்டனுக்கு மாற்றி ஒன்பது மாதச் சிறை விதித்தார்கள். சாண்டர்ஸ் லூயிஸின் விரிவுரையாளர் வேலையும் போயிற்று. தீவைப்பு சரியா என்பதில் நம் உறுப்பினர்கள் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. தம் ஊர் நீதிமன்றத்தை அவர்களிடமிருந்து பறித்தது அநீதி என்பதில் மட்டும் மாற்றுக் கருத்தில்லை.

கேப்பல் கெலின் பற்றிய கூட்டத்தை மறக்க இயலாது. லிவர்பூல் மாநகராட்சியின் நீர்த்தேக்கத்துக்காக 1965இல் மூழ்கடிக்கப்பட்ட வெல்ஷ் பேசும் சிற்றூர் அது. தேவாலயம், பள்ளி, அஞ்சலகம், பண்ணை வீடுகள் எல்லாம் நீருக்கடியில் போயின. வேல்ஸின் 36 நாடாளுமன்ற உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரிக்காத நிலையிலும் 1957இல் சட்டம் நிறைவேறியது. அஞ்சல்துறையில் ஓய்வுபெற்ற நம் உறுப்பினர், "அந்த ஊருக்கு வந்த கடிதங்களைப் பிறகு எங்கே கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்கள்?" என்று கேட்டார். யாரிடமும் பதிலில்லை. 2005இல் லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது.

நீர்த்தேக்கம் திறந்த மறு ஆண்டே, 1966 ஜூலை 14 அன்று, கார்மார்தன் இடைத்தேர்தலில் குவின்ஃபர் எவன்ஸ் வென்று கட்சியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினரானார். வெல்ஷில் உறுதிமொழி எடுக்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1997இல் வேல்ஸுக்குச் சட்டப்பேரவை வேண்டுமா என்ற வாக்கெடுப்பில், கடைசியாக வந்த கார்மார்தன்ஷயர் முடிவுதான் 'ஆம்' பக்கத்தை வெல்ல வைத்தது. வித்தியாசம் 6,721 வாக்குகள். மொழி, ஊர், தண்ணீர், பேரவை என்று ஒவ்வொன்றாக மக்களிடம் பேசி வந்த கட்சி, சுதந்திரத்தைக் கடைசியில் வைத்தது தயக்கத்தால் அல்ல என்றே நான் கருதுகிறேன். அது சரியான வரிசை.

இந்தியாவில் 1963இல் 16ஆவது அரசமைப்புத் திருத்தம் வேட்பாளர்கள் நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றாக்கியதையும், அக்காலத்தில் தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டதையும் மூத்த உறுப்பினர் ஒருவர் ஒப்பிட்டு விளக்கினார். பிரிவினை கேட்கும் கட்சி தடையின்றித் தேர்தலில் நிற்பது பிரிட்டனில் இயல்பு என்பது இளையோருக்குப் புதிய செய்தி.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நூலகத்திலிருந்து எடுத்த நூல்களை உறுப்பினர்கள் இம்மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டுகிறேன். அடுத்த ஆண்டுக்கு ஸ்காட்லாந்தை எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. அதையும் இவ்வறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்